சும்மா காட்டிய மஞ்சள் கொடி

ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது அவர் வண்டிகளைப் பார்க்கமாட்டார்.

மறைமலைநகரில் எங்கள் தொழிற்சாலை வாசல் ஒரு பக்கம், கம்பெனி பஸ் நிற்கும் இடம் எதிர்ப்பக்கம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நாங்கள் எல்லாரும் இடது வலது பார்த்து, இடைவெளி கிடைத்ததும் டிபன் டப்பா குலுங்க ஓடுவோம். அவர் ஓடமாட்டார். ஓரத்தில் நின்று, வருகிற லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைத் தேடுவார். நீளமான கழுத்து அவருக்கு. அதை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்வார். அந்த முகம் தன்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கால் சாலையில் இறங்கும். அதற்காக நான்கு வண்டிகளை விடவேண்டியிருந்தாலும் விடுவார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஆட்கள் கத்துவார்கள்.

“இன்னா தலீவரே, லாரிக்காரனுக்குப் பொண்ணு குடுக்கப் போறீங்களா? அப்புடி உத்துப் பாக்கறீங்க?”

சாவகாசமாக ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்: “வண்டியப் பாத்து இன்னா ஆவப்போவுது, திருச்சி? வண்டிக்குக் கண்ணு கீதா? உள்ள குந்திகினு கீறவன் உன்னப் பாத்தானான்னு பாரு.”

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அதனால் அவருக்குக் கடைசிவரை நான் ‘திருச்சி’தான். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், நான் தரம் பார்க்கும் பிரிவில். செங்கல்பட்டில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தோம். இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில்.

நான்கு மாதமாக அவர் நினைவாகவே இருக்கிறது. காரணம் என் மகன். இன்று காலை எட்டு மணிக்கு அவன் மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். கால் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, நடை பழகி, இதுதான் முதல் நாள். இப்போது நாங்கள் இருப்பது மாமல்லபுரத்தில். இங்கிருந்து கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய், அங்கே திரும்பி, கேளம்பாக்கத்தைத் தாண்டினால் அவன் ஆபீஸ். ஐம்பது நிமிடம் ஆகும். போய்ச் சேர்ந்ததும் என் போனுக்கு ஒரே ஒரு ரிங் விடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை நான் கூப்பிடக்கூடாது. போனை மேஜையின் அந்த ஓரத்தில் வைத்துவிட்டு, இந்த ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி எட்டேகால்.

அவரைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். சொல்லிவிட்டுப் போய்விடவும் மாட்டார். டீக்கடையில் “ஒரு டீ, சக்கர கம்மி” என்பார். மாஸ்டர் தலை நிமிர்ந்து பார்க்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். கூட்டம் நெரித்தாலும் அப்படித்தான்.

“கேட்டுச்சு தலீவரே! இன்னா, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?” என்பார் மாஸ்டர்.

“கேட்டுச்சின்னு இப்பத்தான் தெரிஞ்சிது” என்று சொல்லிவிட்டு நகர்வார்.

பிரஸ் ஷாப்பிலும் அதுவே. மெஷினை இயக்கும் முன் எதிரே தகடு வைக்கும் ஆளின் கண்ணைப் பார்ப்பார். அந்த ஆள் கையை வெளியே எடுத்துத் தலையை ஆட்டினால்தான் இவர் கை பட்டனுக்குப் போகும். உற்பத்திக் கணக்கில் அவர் மெஷின் எப்போதும் சற்றுப் பின்தங்கியிருக்கும். சூப்பர்வைசர் திட்டுவார். ஆனால் அந்த மெஷினில் வேலை செய்த எல்லாருக்கும் விரல்கள் பத்தும் இருந்தன. எல்லா மெஷினைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் என் மனைவி ஆச்சரியப்படுவாள். “அவங்க வீட்ல யாருமே ரெண்டு தடவை பேசறதில்லைங்க. அந்தக்கா சாப்பிட வாங்கன்னு ஒரு தடவை சொல்லுது. இவரு வரேன்னு சொல்றாரு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.” எங்கள் வீட்டில் ஒவ்வொன்றும் பத்து தடவை சொல்லப்படும், ஒன்றும் காதில் விழாது. பத்து தடவை சொல்பவன் பெரும்பாலும் நான்தான்.

மகனுக்கு அப்போது ஏழு வயது. அவர் வீட்டு வாசலில் தகரப் பீப்பாய் ஒன்றின் மேல் ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே உட்கார்ந்தபடி, “பாத்துடா, விழுந்துடப் போற, பாத்துடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“யோவ் திருச்சி, சொம்மா கத்தாத. இத்தினி தபா சொன்னா காக்கா கத்தறாப்புல பூடும், கொளந்தைக்கு.”

அவர் பேச்சை முடிக்கவில்லை. பந்து ஒன்று தெருவுக்கு உருண்டது. பையன் அதன் பின்னால் பாய்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் “டேய்!” என்றார். ஒரே ஒரு தடவை. பையன் தெருவோரத்தில் கல்லாக நின்றான். ஒரு மாட்டு வண்டி அவன் முன்னால் நிதானமாகப் போனது. பெரிய ஆபத்து ஒன்றுமில்லைதான். ஆனால் பையன் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. அன்று காலையிலிருந்து நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவன் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியிருக்கவில்லை.

மாவட்டத்தின் மேற்கே, பொட்டல் வெளியில், கார் பந்தயம் நடத்தும் தடம் ஒன்று இருந்தது. பந்தய நாட்களில் வளைவுக்கு வளைவு நின்று கொடி காட்ட ஆட்கள் வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, ஆரஞ்சு நிற மேல்சட்டை, மத்தியானத்துக்கு ஒரு புளிசாதப் பொட்டலம். மார்ஷல் என்று பெரிய பெயர் மட்டும் உண்டு. ஒரு வளைவில் நிற்கும் குழுவுக்குப் போஸ்ட் என்று பெயர். அவர் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தார். எப்படி இதில் வந்து சேர்ந்தார் என்று தெரியாது. அவர் அப்பா ரயில்வே கேட்டில் பச்சைக் கொடி பிடித்தவர் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். நான் அவரிடம் கேட்டதில்லை. காசில்லாமல் கிட்டத்தில் நின்று பந்தயம் பார்க்கலாம் என்ற ஆசையில் நானும் அவரோடு போக ஆரம்பித்தேன்.

மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம். வேகத்தைக் குறைக்கவேண்டும், முந்தக்கூடாது. பச்சை என்றால் வழி சரியாகிவிட்டது. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமானவன் வருகிறான், இடம் விடு. இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால்வாசி வேலை தெரிந்த மாதிரி.

கொடி பிடிக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கவேண்டும். எனக்கு முதலில் அது விசித்திரமாக இருந்தது. பந்தயத்தைப் பார்க்க வந்துவிட்டு எதற்கு அவர் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும்? அவருக்குப் பின்னால் வருவது என் கண்ணில் படும், எனக்குப் பின்னால் வருவது அவர் கண்ணில் படும். வளைவில் வழுக்கும் கார் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. என் முதுகை அவர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும், அவர் முதுகை நான்.

ஆடிக் காற்றில் கொடி கம்பில் சுற்றிக்கொள்ளும். அவர் கீழ் முனையை விரலால் பிடித்து விரித்துக் காட்டுவார். காட்டும்போது அவர் கண் கொடியில் இருக்காது. ஓட்டுகிறவனின் ஹெல்மெட்டில் இருக்கும். காதும் வேலை செய்யும். என்ஜின் சத்தம் ஒரு மயிரிழை இறங்கினாலும் கண்டுகொள்வார்.

“ம்… பாத்துட்டான். கால எடுத்துட்டான்.”

நல்ல ஓட்டுநர்கள் சிலர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்திக் காட்டுவார்கள். பார்த்துவிட்டேன் என்று பொருள். அப்படிக் கை உயர்ந்தால் அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். ஜெயித்தவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கை காட்டியவர்களின் வண்டி எண்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும்.

பந்தயம் முடிந்ததும் கடைசியாக ஒரு மெதுவான சுற்று வருவார்கள். அப்போது எல்லா வளைவுகளிலும் மார்ஷல்கள் இருக்கிற கொடிகளையெல்லாம் எடுத்து ஆட்டுவார்கள். திருவிழா மாதிரி இருக்கும். எங்கள் வளைவில் மட்டும் கொடிகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவர் வெறும் கையை ஆட்டுவார்.

“ஏண்ணே, எல்லாரும் ஆட்டறாங்க. நாமளும் ஆட்டினா என்ன?”

“ஒண்ணும் இல்லாதப்ப சொம்மா காட்டினா அது துணி, திருச்சி. பாத்தவன் கால எடுத்தாத்தான் அது கொடி.”

மணி எட்டு முப்பத்தைந்து. கோவளத்தை நெருங்கியிருப்பான். அந்தத் திருப்பத்தில் எப்போதும் மணல் கிடக்கும். கடல்காற்று கொண்டுவந்து போடுவது. எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அது இரண்டாவது வருடம். எங்கள் வளைவில் ஒரு கார் சுழன்று, தடத்தின் ஓரத்தில் குறுக்கே நின்றுவிட்டது. நான் மஞ்சள் கொடியைக் காட்டினேன். அவரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி அதைத் தள்ளி டயர் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். வழி சுத்தமாகிவிட்டது. நான் கொடியை இறக்கியிருக்கவேண்டும். அவர் அந்த ஓட்டுநரைப் பெல்ட்டிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் ஒரு கார் சுழன்று நான் பார்த்ததில்லை. இன்னொரு சுற்று இருக்கட்டும், பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்புறம் இன்னொரு சுற்று.

முதல் சுற்றில் எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவன் கையைக்கூட உயர்த்தினான். இரண்டாவது சுற்றில் கொஞ்சம்தான் குறைத்தார்கள். ஒன்றுமில்லாத வளைவைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது சுற்றில் யார் சத்தமும் இறங்கவில்லை. என் காதில் அது விழுந்தது, ஆனால் அர்த்தம் ஆகவில்லை.

நான்காவது சுற்றில், சுழன்ற காரிலிருந்து உடைந்து ஓரமாக விழுந்திருந்த துண்டு ஒன்று, ஏதோ ஒரு டயர் பட்டுத் தடத்தின் நடுவுக்கு வந்து கிடப்பதை அவர் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் மஞ்சள் கொடி விரிந்திருந்தது. அதை நம்பித் தடத்தில் இறங்கினார்.

சின்ன வயது ஓட்டுநர் ஒருவன் முழு வேகத்தில் வந்தான். அவர் கழுத்தை நீட்டி ஹெல்மெட்டைப் பார்த்ததும், பார்த்த மாத்திரத்தில் பக்கவாட்டில் பாய்ந்ததும் எனக்கு இன்றும் தெரிகிறது. காரின் பக்கக் கண்ணாடி அவர் இடது கையில் அடித்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் ஒடிந்தன. ஒரு அடி இந்தப் பக்கம் இருந்திருந்தால் ஆளே இல்லை.

மத்தியானம் அந்தப் பையனை அதிகாரிகள் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மஞ்சள் கொடியை மதிக்காமல் ஓட்டியிருக்கிறான், மார்ஷல் மேல் ஏற்றப் பார்த்திருக்கிறான், இந்த வருடம் முழுக்க ஓட்டக்கூடாது என்று முடிவாகப் போகிறது. பையன் முகம் வெளுத்து, ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான். கையில் கட்டோடு அவர் அந்த அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

“அவன் மேல தப்பு இல்ல சார்.”

“கொடி காட்டியிருக்கு. எல்லாரும் பாத்திருக்காங்க. இவன் பாக்கலைங்கறானா?”

“பாத்திருப்பான் சார். மூணு ரவுண்டா பாத்துகினுதான் வந்தான். ஒண்ணுமே இல்லாம மூணு ரவுண்டு காட்டிகினு இருந்தோம். நாலாவது ரவுண்டுல அவன் கண்ணுக்கு அது கொடியாவா தெரியும்? நாங்கதான் எறக்கியிருக்கணும். எழுதிக்கோங்க.”

“யாரு காட்டினது?”

“எங்க போஸ்ட்டு சார்.”

“அதான், யாரு?”

“எங்க போஸ்ட்டுன்னு எழுதிக்கோங்க. போஸ்ட்டுக்குப் பெரியாளு நானு.”

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ‘நான்தான் சார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பையனை விட்டுவிட்டார்கள். அவருக்கு அடுத்த பந்தயத்திலிருந்து வளைவில் வேலை தரவில்லை. வண்டிகள் நிறுத்துமிடத்தில் போட்டார்கள். சைக்கிள், ஸ்கூட்டர்களை வரிசைப்படுத்தும் வேலை. அதையும் ஒரு வருடம் செய்தார். ஸ்கூட்டர்காரர்களின் கண்ணைப் பார்த்துக் கை காட்டி, அவர்கள் தலையாட்டும்வரை நின்று.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டிய பிறகு, “அண்ணே, என்னை மன்னிச்சிருங்க” என்றேன்.

“பயந்துட்டியா?”

“ஆமாண்ணே.”

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “பயம் உனுக்கு. கொடி அவனுக்கு. உன் பயத்த எடுத்து அவனுக்குக் காட்டிகினு இருந்தா, ஓட்டறவன் இன்னா பண்ணுவான் பாவம்?”

பிறகு, “நாஸ்தா துன்னலாமா? பசிக்குது” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்றுமே பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நான் பந்தயத் தடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டு வேலை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன் என்று.

கடைசியாக அவரைப் பார்த்தது படாளத்தில். ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். அவர் வேலையிலிருந்து முன்னதாகவே விலகி, படாளத்தில் மனைவியின் வீட்டார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மதுராந்தகம் போகும் பஸ்ஸில் இருந்தேன். நெரிசலில் பஸ் நின்றது. வெளியே ஒரு சண்டை. குழி தோண்டும் இடங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தக் குச்சிகளை ஒருவர் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

“யோவ் பெருசு, காண்ட்ராக்ட்டு கொடியப் புடுங்கறியே, உன் வூட்டு சொத்தா?”

“குழி மூடி ஒரு மாசம் ஆவுது. கொடி இன்னாத்துக்குக் கீது? அதோ, அந்தாண்ட நெசமாவே ஆழமா ஒரு குழி கீது. அங்க போயி நடு. இங்க பாத்துப் பாத்துப் பழகினவன் அங்க வந்து நேரா உள்ள வுடுவான்.”

“ஒனுக்கு இன்னா பேஜாரு அதுல?”

நீளமான கழுத்து. இடது கையில் இரண்டு விரல்கள் கொஞ்சம் கோணலாக நின்றன. நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸையா, ஜன்னலையா என்று தெரியவில்லை. ஆனால் அவர் வண்டிகளைப் பார்க்கிறவர் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, மகன் கிளம்பிப் போனபின் வானம் கறுத்தது. மழைக்கோட்டு எடுத்தானா என்று தெரியவில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஓட்டிக்கொண்டிருப்பான் என்று தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். எடுக்காததே பயமாகி, பயத்திலேயே மறுபடி. வெறும் மழைக்கோட்டுக்காக ஏழு தடவை. எட்டாவது தடவை யாரோ எடுத்தார்கள். பின்னணியில் பஸ் ஹாரன், கூட்டத்தின் இரைச்சல்.

“ஹலோ, அப்பாங்களா? போன்ல அப்பான்னு கீது. பதறாதீங்க சார். நான் கோவளத்துல மீன் ஏத்தறவன். புள்ள நல்லாகீது, கால்தான் ஒடஞ்சிகீது. மணல்ல சறுக்கிட்டான். நீங்க பாட்டுக்கு அடிச்சிகினே கீறீங்க, போன் ரோட்ல கெடந்து கத்துது சார்.”

பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் அவனைப் பார்த்துவிட்டார். பிரேக் போட்டார். அதனால்தான் இன்று ரிங்குக்காகக் காத்திருக்க எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் போனை அந்த மீன்காரர் என் கையில் கொடுத்தார். மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவருவதற்குள் நான் அதிலிருந்த, அவன் எடுக்காத என் ஏழு அழைப்புகளையும் அழித்துவிட்டேன். கை எப்படி அதைச் செய்தது என்று தெரியவில்லை. ஆனால் தவறில்லாமல், ஒவ்வொன்றாகச் செய்தது.

விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் சொன்னார்: “ஒரு கையில போனு, ஒரு கையில வண்டி. இந்தக் காலத்துப் பசங்க.” டாக்டரும் அதையே சொன்னார். மனைவி நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “அப்படி எவகிட்டடா பேசிக்கிட்டு வண்டி ஓட்டினே?” அவன் பேசாமல் கேட்டுக்கொள்வான். நானும் பேசாமல் பக்கத்தில் இருப்பேன். கதவோரமாக.

நேற்று சாயங்காலம் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா மறுபடி ஆரம்பித்தாள். “நாளைக்காவது போனைத் தொடாம போ. யாரு கூப்பிட்டாலும் எடுக்காதே.” அவன், “சரிம்மா” என்றான். அவள் உள்ளே போனதும் நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

“அன்னிக்கு ஏழு தடவை கூப்பிட்டது நான்தான்டா. போன்லேருந்து அழிச்சதும் நான்தான்.”

அவன் துணியைப் பிழிந்து ஹேண்டில்பாரில் போட்டான். “தெரியும்பா. உங்க நம்பருக்குத் தனி ரிங்டோன் வெச்சிருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏன்டா எடுத்தே?”

“ஆறு தடவை எடுக்கலையே. நீங்க எப்பவும் கூப்பிடறதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் ஏழாவது வந்துச்சு. என்ன இது, நிஜமாவே எதாவது ஆயிடுச்சோ, அம்மாவுக்கு எதாவதான்னு…” அவன் நிறுத்திக்கொண்டான். “பாக்கெட்லேருந்து எடுக்கப் போனேன். அங்க மணலு.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லலே?”

“சொல்லி என்னப்பா?”

நான் உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

ஒரு ரிங் யோசனை மகனுடையது. “போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங். நீங்க எடுக்கவும் வேண்டாம், திருப்பிக் கூப்பிடவும் வேண்டாம். சரியாப்பா?” நான் தலையை ஆட்டினேன். அவன் அதைப் பார்த்த பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மணி எட்டு ஐம்பது ஆகிவிட்டது. ரிங் வரவில்லை.

எட்டு ஐம்பத்தைந்து. வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். மனைவி சமையலறை வாசலில் நிற்கிறாள். நேற்றிலிருந்து என்னோடு அதிகம் பேசாதவள் இப்போது கேட்கிறாள்: “ஒரு தடவை அடிச்சுத்தான் பாருங்களேன்.”

“வேணாம். ஓட்டிக்கிட்டிருப்பான்.”

“சேர்ந்திருந்தா அடிச்சிருப்பானே?”

“சேரலேன்னா ஓட்டிக்கிட்டிருக்கான்னுதானே அர்த்தம்?”

அவள் சொல்ல நினைத்த இன்னொரு அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கை போனை நோக்கி வந்தது. நான் அதன் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். எதிரெதிரே நின்றோம். அவளுக்குப் பின்னால் கடிகாரம் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னால் வாசல் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்பது. ஒன்பது ஐந்து.

ஒன்பது ஏழுக்கு என் கைக்கு அடியில் போன் அதிர்ந்தது. கையை எடுத்தேன். திரையில் அவன் பெயர். ஒரு முழு ரிங்.

“எடுங்க, எடுங்களேன்!”

நான் எடுக்கவில்லை. ரிங் நின்றது. என் வலது கை மேஜையிலிருந்து எழும்பித் தோள் உயரத்துக்குப் போய் நின்றது. எதிரே ஜன்னலும், அதற்கு வெளியே காலை வெயிலும்தான் இருந்தன.

“யாருக்குங்க கை காட்டறீங்க?” என்று கேட்டாள்.